அத்தியாயம் 11: ரோட்டரி இன்ஜினின் சத்தத்தைக் குறைத்தல்

மாஸ்டா 13பி இன்ஜினுக்குக் கியர்பாக்ஸ் பூட்டி, நீங்களே கட்டிய இருவர் விமானத்தின் மூக்கில் ஏற்றி, முதன்முறை ஓடவிட்ட நாளில் இரண்டு விஷயங்களைக் கவனித்திருப்பீர்கள். இன்ஜின் அதிர்வே இல்லாமல் ஓடுகிறது. காதோ கிழிகிறது. வெறும் குழாயோடு ஓடும் ரோட்டரி, ஓடுதளத்தின் அடுத்த முனையில் நிற்பவரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் விஸ்கான்சினின் ஓஷ்கோஷில் ஆயிரக்கணக்கான விமானங்கள் கூடுகின்றன. அந்த நெரிசலிலும் ரோட்டரி ஒன்று கிளம்பினால் தலையைத் தூக்காமலே சொல்லிவிடலாம்.

சத்தம் அண்டை வீட்டாரின் பிரச்சினை மட்டுமல்ல. சிறு விமானத் தளங்களுக்கு எதிராக எழும் புகார்களில் முதலில் வருவது சத்தம்தான். ஒருவர் காலை ஏழு மணிக்குக் கிளப்பும் இன்ஜினுக்கு அங்கே விமானம் நிறுத்தியிருக்கும் அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் இந்த வேலையை ஒப்புக்குச் செய்யாதீர்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் முதலில் செய்ய வேண்டியது உடையாத சைலன்சர். அது கைகூடிய பிறகுதான் சத்தம் குறைக்கும் சைலன்சர். காரில் சைலன்சருக்குள் தகடு உடைந்தால் வண்டியை ஓரங்கட்டலாம். ஓடுதளம் முடிந்து மரங்களுக்கு மேல் நூறடி உயரத்தில் இருக்கும்போது உடைந்த தகடு வாயை அடைத்தால் ஓரங்கட்ட இடம் கிடையாது.

கீழே வரும் அளவுகள் ஆர்வி ரக விமானத்துக்கானவை: முன்புறம் புரொப்பெல்லர், டர்போ இல்லாத 13பி (இரண்டு ரோட்டர், 1308 சி.சி.), ரோட்டர் அறையின் வெளிச்சுவரில் புகைவாசல், 2.85 விகிதக் கியர்பாக்ஸ், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 6000 சுற்று. உங்களுடையது வேறானால் கணக்கை மாற்றிப் போடுங்கள். வேலையின் வரிசை மாறாது.

## ரோட்டரி ஏன் இப்படிக் கத்துகிறது

பிஸ்டன் இன்ஜினில் வால்வு மெல்ல எழும்பிப் புகைக்கு வழிவிடும். ரோட்டரியில் வால்வே இல்லை. ரோட்டரின் முனையிலுள்ள சீல் புகைவாசலின் விளிம்பைக் கடந்த நொடியில் வாசல் திறந்துவிடுகிறது, மதகை ஒரே இழுப்பில் தூக்கியதுபோல. உள்ளே இன்னும் அழுத்தம் மிச்சமிருப்பதால் புகை அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த அடிதான் சத்தம்.

இன்னொன்று வெப்பம். விமான பிஸ்டன் இன்ஜின்களில் புகையின் வெப்பம் பெரும்பாலும் 700 முதல் 800 டிகிரி செல்சியஸ். ரோட்டரியில் எரிதல் தாமதமாக முடிவதால் 900 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். கடையில் வாங்கும் கார் சைலன்சர் இந்த வெப்பத்துக்கும் இந்த அடிக்கும் செய்யப்பட்டதல்ல.

ஒரே ஒரு எண்ணை நினைவில் வையுங்கள். அச்சு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு முறை வெடிக்கும். 6000 சுற்றில் ஒரு ரோட்டருக்கு நொடிக்கு 100 அடி. இரண்டுக்கும் சேர்த்து 200. நாம் அடக்க வேண்டிய அடிப்படை ஒலி 200 ஹெர்ட்ஸ்.

## முதல் வேலை: கத்துவது யார் என்று கண்டுபிடியுங்கள்

பலர் அளக்காமலே வெல்டிங் மெஷினைத் தூக்கிவிடுகிறார்கள். புரொப்பெல்லர் கத்திக்கொண்டிருக்கும்போது சைலன்சர் மாட்டி என்ன பயன்? 2.17 விகிதக் கியர்பாக்ஸும் 68 அங்குல புரொப்பெல்லரும் இருந்தால், 6000 சுற்றில் புரொப்பெல்லரின் முனை நொடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் காற்றை வெட்டுகிறது. 2.85 கியரும் 76 அங்குல புரொப்பெல்லரும் என்றால், விட்டம் பெரிதாக இருந்தும் முனைவேகம் சுமார் 213 மீட்டர்தான். இந்த வித்தியாசம் காதுக்கே தெரியும்.

1. காற்று அடங்கிய காலை நேரமாகப் பாருங்கள். விமானத்தின் வாலைக் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். விமானி இருக்கையில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

2. புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது. அளப்பவர் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, 15 மீட்டர் தூரத்தில் நிற்கட்டும். நின்ற இடத்தில் தரையில் பெயின்ட் அடித்து வையுங்கள். அடுத்த ஆறு மாதமும் அதே இடத்திலிருந்துதான் அளக்கப் போகிறீர்கள்.

3. ஒலி அளவியை 'சி' நிலையில் வையுங்கள். 'ஏ' நிலை மனிதக் காதைப் பின்பற்றித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டும். 200 ஹெர்ட்ஸில் மட்டும் 11 டெசிபல் போய்விடும். இரண்டு நிலைகளிலும் அளந்து குறித்துக்கொள்வது இன்னும் நல்லது.

4. 5000 சுற்றில் நிறுத்தி, ஒலியைப் பதிவு செய்யுங்கள். போனிலுள்ள அலைவரிசைச் செயலியில் போட்டுப் பாருங்கள். 2.85 கியரில் இரண்டு இதழ் புரொப்பெல்லர் என்றால் அதன் முகடு 58 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தெரியும். அதன் மடங்குகள் 117, 175. புகைக்குழாயின் முகடு 167-ல் நிற்கும். 167-ம் 175-ம் ஒட்டி நிற்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். திரையை விரித்துப் பார்த்தால் இரட்டை முகடு தெரியும்.

5. புகைக்குழாயின் முகடு புரொப்பெல்லருடையதைவிட உயரமாக இருந்தால் மேலே படியுங்கள். புரொப்பெல்லர்தான் உயரம் என்றால் கியரையும் புரொப்பெல்லரையும் பற்றிய அத்தியாயத்துக்குத் திரும்புங்கள்.

குறிப்பு: சத்தமான இடத்தில் போனின் மைக் திணறிவிடும். அலைவரிசையைப் பார்க்க போன் போதும். டெசிபலைப் படிக்கத் தனி அளவி வேண்டும்.

இந்த வேலை முழுவதும் காதடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் அணியுங்கள். அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மொத்தம் 15 நிமிடம்தான்.

## எந்த வழி உங்களுக்கு

டர்போ ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடித்துக்கொண்டு வரும் புகையின் சக்தியை டர்பைன் வாங்கிச் சுழல்வதால் சத்தத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது. பெரும்பாலோருக்கு டர்போவுக்குப் பின் ஒரு வால்குழாயே போதும். ஆனால் சத்தத்துக்காக மட்டும் டர்போ மாட்டாதீர்கள். எண்ணெய்க் குழாய், கூடுதல் வெப்பம், கூடுதல் எடை என்று ஒன்றுக்கு நான்கு வேலை வந்து சேரும்.

2003-ல் ஆர்எக்ஸ்-8 காரோடு வந்த ரெனசிஸ் இன்ஜினில் புகைவாசல் பக்கச்சுவரில் இருக்கிறது. அது சற்று நிதானமாகத் திறப்பதால் சத்தமும் மென்மை. மூன்று வெளிவாசல்களில் நடுவிலுள்ளது இரண்டு ரோட்டருக்கும் பொது. அங்கே பொருத்தும் குழாய்தான் அதிகம் சூடாகும். அதற்குத் தடித்த உலோகம் போடுங்கள்.

மற்ற எல்லோருக்கும், அதாவது பழைய ஆர்எக்ஸ்-7-லிருந்து எடுத்த 13பி வைத்திருப்பவர்களுக்கு, கையால் செய்த சைலன்சர்தான் வழி.

## எந்த உலோகம்

சாதாரண இரும்புக் குழாய் இந்த வெப்பத்தில் செதில் செதிலாக உரிந்து சில மாதங்களில் காகிதமாகிவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் எளிதில் கிடைக்கும். ஆனால் நீண்ட நேரம் வெப்பத்தில் இருந்தால் அதிலுள்ள கார்பனும் குரோமியமும் சேர்ந்து, வெல்டிங் ஓரங்களில் விரிசல் விடத் தொடங்கும். 321 ரகத்தில் டைட்டேனியம் சேர்த்திருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. என் பரிந்துரை 321. புகைவாசலுக்கு அடுத்த 20 செ.மீ. குழாய்க்கு மட்டும் கைக்கு எட்டினால் இன்கோனல் 625 போடுங்கள். விலை கையைக் கடிக்கும். ஆனால் வாங்குவது ஒரு முறைதான்.

தடிமன்: குழாய்களுக்கு 1.65 மி.மீ., சைலன்சரின் உடலுக்கு 1.2 மி.மீ. அதைவிட மெல்லிய தகடு போட்டால் உடலே தகர டப்பாபோல அதிர்ந்து புதிய சத்தம் எழுப்பும்.

துத்தநாகம் பூசிய எதையும் இந்த வேலைக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பூசிய போல்ட், வாஷர்கூட வேண்டாம். அதன் புகை நஞ்சு. துத்தநாகம் சூட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குள் ஊறினால் அந்த இடமும் வெடிக்கும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம், பென்சில். அளவு குறிக்கக் கை தானாகப் பென்சிலை எடுக்கும். எடுக்காதீர்கள். பென்சில் கோட்டிலுள்ள கார்பன் சூட்டில் உலோகத்துக்குள் ஊறும். பின்னாளில் விரிசல் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே ஓடும். ஒரு குழாய் வளைவில், முழக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் நேரான விரிசலைப் பார்த்திருக்கிறேன். குழாயைச் செய்தவர் வளைவின் மையத்தைப் பென்சிலால் குறித்திருந்தார். மார்க்கர் பேனாவோ சுண்ணக்கட்டியோ போதும்.

## எவ்வளவு பெரிது

சைலன்சர் என்பது இங்கே பெரும்பாலும் ஓர் அறை. குறுகிய குழாயில் வரும் அலை திடீரென்று அகன்ற அறைக்குள் நுழையும்போது ஒரு பகுதி திரும்பி அடிக்கிறது. அவ்வளவு சத்தம் வெளியே போவதில்லை. இதில் அறையின் விட்டம்தான் முக்கியம். 50 மி.மீ. குழாய்க்கு 100 மி.மீ. அறை வைத்தால் கணக்குப்படி அதிகபட்சம் 6.5 டெசிபல் குறையும். 150 மி.மீ. வைத்தால் 13. காதுக்கு 10 டெசிபல் குறைந்தால் சத்தம் பாதியானதுபோல் தெரியும். ஆகவே 150 மி.மீ.

நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 650 மீட்டர் ஓடுகிறது. 200 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.25 மீட்டர், அதில் கால்பங்கு சுமார் 80 செ.மீ. அந்த நீளத்தில் ஒரே அறை கட்டினால் 200 ஹெர்ட்ஸ் நன்றாக அடங்கும். ஆனால் அதே அறை 400 ஹெர்ட்ஸுக்குக் கதவை அகலத் திறந்துவிடும், நடுவில் எதுவுமே இல்லாததுபோல. ரோட்டரியில் 400-ம் பலமாகவே இருக்கிறது. "அடித்தொண்டைச் சத்தம் போய்விட்டது, கீச்சுச் சத்தம் அப்படியே இருக்கிறது" என்று நண்பர்கள் குறைப்பட்டால் காரணம் இதுதான்.

அதனால் 75 செ.மீ. உடலை நடுத்தகட்டால் 45-ம் 30-மாகச் சமமின்றிப் பிரியுங்கள். ஓர் அறை தப்பவிடும் ஒலியை மற்றது பிடித்துக்கொள்ளும். இரண்டு அறைகளையும் துளைத்துக்கொண்டு, உடலெங்கும் ஓட்டை போட்ட ஒரு நேர்க்குழாய் போகட்டும். ஓட்டைகள் 5 மி.மீ. விட்டம், குழாய்ப் பரப்பில் 30 சதவீதம் திறந்திருக்க வேண்டும். இந்த நேர்க்குழாய்தான் நம் காப்பு. உள்ளே எந்தத் தகடு கழன்றாலும் புகைக்கு நேர்வழி திறந்தே இருக்கும்.

உடலும் ஓட்டைக்குழாயும் சேர்ந்து சுமார் 5 கிலோ வரும். எடைப் புத்தகத்தில் இப்போதே எழுதிவையுங்கள்.

## கட்டும் வரிசை

1. ஃபிளேஞ்ச். 10 மி.மீ. தடிமனில் வெட்டுங்கள். வெல்டிங் சூட்டில் அது வளையும். உதவாத பழைய ரோட்டர் அறை ஒன்றில் போல்ட் போட்டு இறுக்கிவைத்து, அதன்மீதே வெல்டிங் செய்யுங்கள். ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். அப்படியும் முகத்தை மட்டப்பலகையில் தேய்த்துப் பாருங்கள்.

2. இரண்டு குழாய்களை ஒன்றாக்குங்கள். சைலன்சருக்கு முன்பே இரண்டு ரோட்டரின் குழாய்களும் சேர வேண்டும். நீளமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் ஒவ்வொரு குழாயிலும் 100 ஹெர்ட்ஸ் ஓடும். அதை அடக்க இருமடங்கு நீளமான அறை தேவை. கவுலிங்கில் அதற்கு இடமிருக்காது.

3. நழுவும் இணைப்பு. 60 செ.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய் 800 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 9 மி.மீ. நீளும். போக இடமில்லாவிட்டால் அது ஃபிளேஞ்சைத்தான் பிய்க்கும். ஒவ்வொரு குழாயிலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்பு ஒன்று வையுங்கள். நுழைவு 40 மி.மீ. இருக்கட்டும். நிக்கல் கலந்த சூடுதாங்கும் பசை தடவுங்கள்.

4. சுத்தம். வெல்டிங்குக்கு முன் அசிட்டோனால் துடையுங்கள். பிரேக் கிளீனரால் ஒருபோதும் துடைக்காதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் வெல்டிங் சுடரில் பாஸ்ஜீன் என்னும் கொடிய விஷவாயுவாக மாறும். ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் போதும், உயிருக்கே ஆபத்து.

5. டிக் வெல்டிங், உள்ளேயும் ஆர்கான். குழாயின் இரு வாயையும் அலுமினியத் தாளால் மூடி, ஒரு பக்கம் ஆர்கானை மெல்ல விட்டு, மறுபக்கம் ஊசித்துளை வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு துண்டுக் குழாயில் ஆர்கான் இல்லாமல் வெல்டிங் செய்து, அறுத்து, உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெளியே அழகான மீன்செதில் வரிசை. உள்ளே கருத்து, பொரிந்து, கருகிய சர்க்கரைபோல் சொரசொரப்பு. அந்தப் பொரிவு ஒவ்வொன்றும் ஒரு விரிசலின் விதை. ஒரு முறை பார்த்தவர் அதன்பின் ஆர்கானைச் சிக்கனம் பிடிப்பதில்லை. ஸ்டெயின்லெஸ் வெல்டிங் புகையில் நச்சுக் குரோமியம் இருப்பதால், முகமூடியோடு கொட்டகைக் கதவையும் திறந்து வையுங்கள்.

6. ஓட்டைக்குழாய். முன்முனையை மட்டும் வெல்டிங் செய்யுங்கள். நடுத்தகட்டிலும் பின்முனையிலும் அது வளையத்துக்குள் சும்மா நழுவட்டும். உட்குழாய் வெளியுடலைவிடச் சூடாகும், அதிகம் நீளும். இரண்டு முனையையும் கட்டிப்போட்டால் முதல் பத்து மணி நேரத்திலேயே ஏதாவது ஒரு முனை விட்டுவிடும்.

7. மூடிகள். தட்டையான மூடி முரசுத் தோல்போல் அதிர்ந்து, ஓரத்தில் வெடிக்கும். குவிந்த மூடியோ கூம்போ போடுங்கள். குவிந்த மூடி தயாராகவே கிடைக்கிறது. லேத்தில் அழுத்தியும் செய்யலாம்.

8. அழுத்தம் அளக்கும் துளை. சைலன்சருக்கு முன்னால் குழாயில் ஒரு சிறு நிப்பிள் வெல்டிங் செய்துவிடுங்கள். பின்னால் தேவைப்படும். அதற்குப் பக்கத்தில் 'கே' வகை வெப்பமானிக்கும் ஓர் இடம் வையுங்கள்.

## தொங்கவிடுதல்

சைலன்சரை இன்ஜினிலிருந்தே தாங்குங்கள். ஃபயர்வாலிலோ உடலிலோ மாட்டாதீர்கள். இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடுகிறது, உடல் ஆடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குழாய்க்குத் தினமும் கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கும் கதிதான். கவுலிங் துவாரத்தில் சுற்றிலும் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

எல்லா நட்டுகளும் முழு உலோகப் பூட்டு நட்டுகளாக இருக்க வேண்டும். நைலான் வளையம் வைத்தவை முதல் ஓட்டத்திலேயே உருகிவிடும். இவற்றோடு 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பிவடம் ஒன்றைச் சைலன்சரைச் சுற்றி இன்ஜின் தாங்கியோடு தளர்வாகக் கட்டுங்கள். எல்லாம் விட்டுப்போனாலும் அது கீழே விழாது.

வால்குழாய் ஃபயர்வாலைத் தாண்டி, வயிற்றுக்குக் கீழே, தரையையும் பின்புறத்தையும் பார்த்து முடியட்டும். வயிற்றுத் தகட்டுக்கும் குழாய்க்கும் 50 மி.மீ. இடைவெளியும், நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் மறைப்பும் வேண்டும். அலுமினியத் தகடு 150 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் வலுவிழக்கும். வெப்பம் ஏறினால் நிறம் மாறும் ஒட்டுச்சீட்டுகள் கிடைக்கின்றன. அவற்றில் நான்கை வயிற்றின் உட்பக்கத்திலும் கவுலிங்கின் உட்பக்கத்திலும் ஒட்டிவையுங்கள். முதல் மூன்று பறப்புகளுக்குப் பின் அவை சொல்வதை நம்புங்கள். ஃபைபர்கிளாஸ் கவுலிங் அந்த 150 டிகிரியைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும். எரிபொருள் குழாய் சைலன்சரைப் பார்த்தபடி ஓடினால், சைலன்சரைச் செய்யுமுன் எரிபொருள் குழாயை இடம் மாற்றுங்கள்.

பின்புற புரொப்பெல்லர் வைத்தவர்களுக்கு: லாங் ஈஸி, கோஸி போன்ற விமானங்களில் புகைக்குழாயிலிருந்து உதிரும் எதுவும் நேராகப் புரொப்பெல்லருக்குள் போகும். ஒரு நட்டு போதும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பூட்டுக்கம்பி கட்டுங்கள். உள்தகடு இல்லாத, முடிந்தவரை எளிய ஒற்றை அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சத்தம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

## பலரும் செய்யும் தவறுகள்

கண்ணாடி இழை திணித்த சைலன்சர்தான் முதலிடம். வாங்கிய வாரம் அருமையாக இருக்கும். ரோட்டரியின் வெப்பத்தில் இழை உருகி, அடியில் தூளாகி, ஓட்டைகள் வழியே பறந்துவிடும். சத்தம் மெல்ல மெல்லக் கூடுவதால் விமானிக்கே தெரியாது.

அடுத்தது குறுக்குத் தகடுகள் வைத்த கார் சைலன்சர். ஒரு நண்பர், தன் விமானம் மேலேறும்போது இன்ஜின் சுற்று குறைவதாகச் சொன்னார். கார்புரேட்டரிலும் பற்றவைப்பிலும் இரண்டு வாரம் கோளாறைத் தேடினோம். கடைசியில் சைலன்சரைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கிலுகிலுப்பைச் சத்தம். அறுத்தோம். உள்ளங்கை அளவுத் தகடு ஒன்று மூன்று பக்கம் கிழிந்து, நான்காவது பக்கத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, காற்றில் ஆடும் கதவுபோல. முழு விசையில் புகை அதைத் தள்ளி வெளிவாசலை மூடுகிறது. விசையைக் குறைத்தால் தானாகத் திறக்கிறது. தரையில் மெதுவாக ஓட்டிய சோதனை எதிலும் அது பிடிபடாததற்குக் காரணம் அதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கவுலிங்கைத் திறக்கும்போதும் சைலன்சரை ஆட்டிப் பார்க்காமல் மூடுவதில்லை.

மூன்றாவது, குழாயைச் சுற்றி வெப்பத்துணி கட்டுவது. கவுலிங்குக்குள் வெப்பம் குறையும் என்பது உண்மை. அந்த வெப்பம் எங்கே போகிறது? குழாய்ச் சுவருக்குள். ஏற்கெனவே எல்லையில் நிற்கும் உலோகம் இன்னும் சூடேறி மெலிகிறது. துணி மூடியிருப்பதால் விரிசலும் கண்ணில் படாது. துணிக்குப் பதிலாக, குழாயிலிருந்து 10 மி.மீ. தள்ளி ஒரு மெல்லிய தகட்டு மறைப்பு வையுங்கள்.

## முதல் ஓட்டம்

1. கசிவுச் சோதனை. வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை வால்குழாயில் பொருத்தி ஓடவிட்டு, எல்லா வெல்டிங்கிலும் சோப்பு நீர் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. நழுவும் இணைப்பில் சிறிது கசியும். வெல்டிங்கில் ஒரு குமிழிகூட வரக் கூடாது.

2. கார்பன் மோனாக்சைடு. மின்னணு அலாரம் ஒன்றை விமானி அறையில் மாட்டுங்கள். நிறம் மாறும் அட்டையை நம்பாதீர்கள். அது மாறும்போது விமானி அதைப் பார்க்கும் நிலையில் இருக்கமாட்டார். அமெரிக்க விதிகள் சிறு விமானங்களுக்கு 2017 வரை வைத்திருந்த வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கு. தரையிலும், மேலேறும்போதும், கதவுக் காற்றுவழிகளைத் திறந்தும் மூடியும் பாருங்கள்.

3. ஐந்து நிமிடம் குறைந்த வேகத்தில் ஓட்டி, அணைத்து, முழுவதும் ஆறவிடுங்கள். எல்லா நட்டையும் மீண்டும் இறுக்குங்கள். முதல் சூட்டில் எல்லாமே சிறிது தளரும்.

4. முழு விசையில் பின்னழுத்தம் பாருங்கள். நிப்பிளில் அரை மீட்டர் உலோகக் குழாய் இணைத்து, அதன் மறுமுனையில் அழுத்தமானியை வையுங்கள்; நேராக வைத்தால் உருகும். என் வரம்பு 0.1 பார். அதற்கு மேல் போனால், அடுத்த சுழற்சிக்கு வரும் புதுக் காற்றோடு பழைய புகையும் கலந்து சக்தி குறையும். சைலன்சர் மாட்டுமுன் இதே முழு விசையில் தரையில் எத்தனை சுற்று ஓடியதோ, அதோடும் ஒப்பிடுங்கள்.

5. பெயின்ட் அடித்த இடத்திலிருந்து மீண்டும் ஒலியை அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கணக்கு சொன்ன முழு அளவும் குறையாது. 7, 8 டெசிபல் குறைந்திருந்தால் நல்ல வேலை.

பற்றவைப்புச் சோதனையில் ஒரு கண்டிப்பு. 13பி-யில் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்குகள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும்போது தவறிக்கூட இரண்டையும் சேர்த்து அணைக்காதீர்கள். அணைத்துவிட்டால் மறுபடி போடாதீர்கள். அந்த இரண்டு நொடியில் எரியாத பெட்ரோல் சைலன்சர் முழுக்க நிறைந்திருக்கும்; பொறி வந்ததும் அது உள்ளேயே வெடித்து உடலைப் பிளக்கும். விசையை முழுவதும் குறைத்து, இன்ஜின் நிற்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் ஆறவிட்டுப் பிறகு கிளப்புங்கள். பறக்கும்போது இன்ஜின் நின்று மறுபடி கிளப்ப வேண்டிவந்தால் அப்போது கணக்கு வேறு. வெடிச்சத்தம் வரும் என்று தெரிந்தே கிளப்ப வேண்டியதுதான்.

## பறந்த பிறகு

அமெரிக்காவில் பதிவு செய்த சொந்தத் தயாரிப்பு விமானமென்றால், உங்கள் இயக்கக் கட்டுப்பாட்டுத் தாளை எடுத்துப் படியுங்கள். பெரிய மாற்றம் என்று கணக்கானால் அதிகாரிகளுக்கு அறிவித்து, சோதனைப் பகுதிக்குள் குறைந்தது 5 மணி நேரம் தனியாகப் பறக்கும்படி வழக்கமாக அதில் இருக்கும். எடையையும் எடைமையத்தையும் புதிதாகக் கணக்கிடாமல் அந்த முதல் பறப்புக்குப் போகாதீர்கள். அது ஓடுதளத்தின் மேலேயே, வட்டமிட்டு, இறங்கும் தூரத்துக்குள் இருக்கட்டும்.

கவுலிங்கை 1, 5, 10, 25 மணி நேரங்களில் முழுவதும் திறந்து பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு 25 மணிக்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: ஃபிளேஞ்சை ஒட்டிய வெல்டிங், இரண்டு குழாய்கள் சேரும் கவட்டை, முன்மூடியின் ஓரம். கசியும் இடத்தில் சாம்பல் நிறத்திலோ கரிநிறத்திலோ விசிறிபோல் ஒரு படிவு இருக்கும். கையுறையோடு சைலன்சரைப் பிடித்து ஆட்டுங்கள். 50 மணிக்கு ஒரு முறை வால்குழாய் வழியே உட்புறம் பார்க்கும் குழாய்க் கேமராவை விட்டு, ஓட்டைக்குழாயின் பின்முனை இன்னும் வளையத்துக்குள் நழுவுகிறதா, அல்லது கரி பிடித்து இறுகிவிட்டதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் கழற்றி விடுவியுங்கள். அடுத்த 50 மணிக்குக் காத்திருக்க வேண்டாம். விரிசல் கண்டால் அதன்மேலேயே வெல்டிங் வைத்து மூடாதீர்கள். அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு போடுங்கள்; சூட்டில் வெந்த உலோகம் புது வெல்டிங்கின் ஓரத்திலேயே மறுபடி விட்டுவிடும்.